பத்தாம் நம்பர் போல்ட்

உவரிக்கும் குட்டத்துக்கும் நடுவே
தேரி மேட்டில் வண்டி நின்றுபோனது.
ஒரு இருமல்கூட இல்லை.
பேச்சுவாக்கில் கோபித்துக்கொண்டவன்போலச் சட்டென்று.

விற்றவன் சொல்லித்தான் கொடுத்தான்:
ரோடு இல்லாத இடத்துக்கான வண்டி.
ரோடு இல்லாத இடத்தில்
மெக்கானிக்கும் இருக்கமாட்டான் என்பதைச் சொல்லவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் காற்றாடியைக்
கியர் ஆயிலுக்காக நிறுத்தியிருந்தது.
மூன்று இறக்கையும் பூட்டி, உச்சியில் லிங்கதுரை.
காத்து கூடுமுன் ஆறு மணிக்கே ஏறிவிட்டான்.
அவன் கேட்ட ஃபில்டர் என் முதுகுப் பையில்.
எண்பது மீட்டர் மேலேயிருந்து போனில் கேட்கிறான்:
"ஏல, எறும்பு ஒண்ணு எறும்பைத் தள்ளிக்கிட்டு வருதே, நீயா?"

தள்ளினேன். பட்டன் டயர் மணலைக் கவ்வும் என்பார்கள்.
ஓடாத வண்டியின் டயரை
மணல்தான் கவ்வுகிறது.

டவர் நிழலில் நிறுத்திச் சீட்டை எடுத்தேன்.
அடியில் இரண்டு போல்ட், பத்தாம் நம்பர்.
ஒன்று விரலுக்கே வந்தது.
மற்றது ஸ்பேனரை மூன்று தரம் வழுக்கவிட்டு
நாலாவதில் என் விரல்முட்டியைத் தோலுரித்துக்கொண்டு
வந்தது.
ஆடிக் காத்தில் அம்மி பறக்கும் என்கிறார்கள். பார்த்ததில்லை.
வாஷர் பறந்ததைப் பார்த்தேன்.
அது விழுந்த குழியைச் செம்மணல் மூடியதையும்.
தேரி வாங்கிக்கொண்டால் ரசீது தராது.

டேப்பை மூடி, கிளிப்பை நெருக்கி
பெட்ரோல் குழாயை உருவினேன்.
நாலு சொட்டு.
தோலுரிந்த இடத்தில் முதலில் குளிர்ச்சி,
அப்புறம்தான் கெட்ட வார்த்தை.

பின்னுக்கு இழுத்துத் தூக்கினேன். பாதி வந்தது.
முள்ளுக்குப் போகும் ஒயரை மறந்திருந்தேன்.
மறந்துபோன உறவுக்காரர்போல
பின்னாலிருந்து மெல்ல ஒரு இழுப்பு.

கையில் எடுத்த பின்னும்
உள்ளே பெட்ரோல் முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருந்தது.
வண்டி இன்னும் மேடேறுவதாக அதற்கு நினைப்பு.

டேங்க் போனதும் வண்டி ஆட்டுக்குட்டி அளவுக்கு ஆகிவிட்டது.
இத்தனை நாள் முழங்காலால் நான் அணைத்துப் பிடித்திருந்தது
ஒரு இரும்புக் குழாயையும் நாலு ஒயரையும்.
ப்ளக் நன்றாக இருந்தது.
ஒயர் நன்றாக இருந்தது.
குழாய் மடங்கவில்லை.
எல்லாம் நன்றாக இருப்பதுபோல ஒரு எரிச்சல் கிடையாது.

எவ்வளவு மிச்சம் என்று மூடியைத் திறந்தேன்.
ஹக்கென்று காத்தை விழுங்கியது டேங்க்,
கிணற்றில் முங்கி ரொம்ப நேரம் கழித்து எழுந்தவன்போல.

மூடியை இறுக்கிச் சாய்த்துப் பார்த்தேன்.
அடிவயிற்றில் பென்சில் மொத்தத்தில் ஒரு ரப்பர் குழாய்.
டேங்க் மூச்சு வாங்குவது அதன் வழி.
அதன் வாயில் மண். தேரி மண் இல்லை,
எச்சில் விட்டுப் பிசைந்து வழுவழுவென்று பூசினது.
குளவி.
மூன்று நாள் லீவில் வண்டி வீட்டில் கிடந்தபோது.

உடைமுள்ளால் குத்த உதிர்ந்தது.
பின்னாலேயே ஒரு பச்சைப் புழு
சாகவும் இல்லை, உயிரோடு என்றும் சொல்ல முடியாது,
மணலில் விழுந்து ஒரு தரம் மடங்கியது.

"என்ன கோளாறுலே?" என்கிறான் மேலேயிருந்து.

ராதாபுரம் வரைக்கும் நிற்கிற காற்றாடி அத்தனையும்
வெறிபிடித்துச் சுற்றுகின்றன.
என் சட்டை முதுகில் பலூன்.
கழற்றிவைத்த ஹெல்மெட் தானாக உருண்டு போகிறது.

"காத்து வரல" என்றேன்.

போனில் ஒன்றும் இல்லை.
அப்புறம் போன் இல்லாமலே கேட்டது சிரிப்பு,
பாதி இறங்கி, மீதி கடல்பக்கம் போய்விட்டது.

டவருக்குள் டப்பாவில் வாஷர் தேடினேன்.
இருப்பதிலேயே சின்னது என் உள்ளங்கை அகலம்.
தண்ணி பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு மாட்டினேன்.
வண்டி ஸ்டார்ட் ஆனது.

அணைக்கப் பயந்து, ஓடவிட்டபடியே
ஃபில்டரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிக்கொண்டிருக்கையில்
ஒரு குளவி வந்தது. வேறு குளவியாகத்தான் இருக்கும்.
காத்து தள்ளத் தள்ளத் திரும்பி வந்து
குழாயின் வாயை மோந்து பார்த்தது.
அதன் வாயில் ஈரமண்.
எங்கே ஈரம் கண்டதோ,
இந்தத் தேரியில், இந்த ஆடியில்.